மில்லி சிஸ்டரும் நாலரை லிட்டர் ஆயிலும்

சிறுநீரக வார்டில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவருக்கு உலகம் இரண்டே பத்திகளாகத்தான் தெரியும். உள்ளே போனது, வெளியே வந்தது. நோயாளி எவ்வளவு தண்ணீர் குடித்தார், எவ்வளவு வெளியேற்றினார், இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு காணோம். ஒரு முறை காணாமல்போன இருநூறு மில்லிக்காக மூன்று உறவினர்களையும் ஒரு பூச்சாடியையும் விசாரித்தார். கடைசியில் பூச்சாடியிடம்தான் சரக்கு இருந்தது. நோயாளி தனக்குப் பிடிக்காத சூப்பை யாரும் பார்க்காதபோது அதில் ஊற்றிவந்திருக்கிறார். அன்றிலிருந்து இவருக்கு மில்லி சிஸ்டர் என்று பெயர். "மில்லி வந்தாச்சா?" என்று வார்டில் கேட்பது காதில் விழுந்து, நோயாளிகளைப் பார்க்க வந்த ஆண்கள் சிலர் ஆவலோடு திரும்பிப் பார்த்ததுண்டு. பார்த்தது ஐம்பது வயதை நெருங்கும், கண்ணாடி போட்ட, சிரிக்காத ஒரு அம்மாள் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் உண்டு.

உட்காரத் தெரியாத ஜென்மம். டீயை நின்றபடி குடிப்பார், செய்தித்தாளை நடந்தபடி படிப்பார். நாற்பத்தெட்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது, உட்கார்ந்தே செய்யவேண்டிய வேலை அது ஒன்றுதான் என்பதால், சொல்லிக்கொடுத்தவர் மிகவும் சிரமப்பட்டார். ஆனாலும் கற்றுக்கொண்டார். இருக்கிறதிலேயே சின்னதாக, சாம்பல் நிறத்தில், ஒரு புதுக் காரை வாங்கினார். வார்டுக்கு ஓட்டிக்கொண்டு போவார். காருக்கு முதல் சர்வீஸ் வந்தது. வாங்கிய ஷோரூமிலேயே விட்டு எடுத்தார்.

பில்லைப் படித்தது அன்று மாலை.

மற்றவர்கள் சர்வீஸ் பில்லின் அடியில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்துப் பெருமூச்சு விட்டு மடித்து வைப்பார்கள். மாத்திரை அட்டையோடு வரும் பொடி எழுத்துக் காகிதத்தையே முழுசாகப் படிக்கிறவர் மில்லி சிஸ்டர். பில்லில் மூன்றாவது வரி: என்ஜின் ஆயில், நாலரை லிட்டர். காரோடு கொடுத்த கையேடு பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. பிரித்தார். அறுபத்தெட்டாம் பக்கம்: என்ஜின் ஆயில், ஃபில்டரோடு சேர்த்து, 3.1 லிட்டர்.

வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். எதையும் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தால் தெளிவாகிவிடும் என்ற நம்பிக்கை உள்ளவர்.

"என்னங்க, மூணு புள்ளி ஒண்ணு பிடிக்கிற பாத்திரத்துல நாலரை ஊத்த முடியுமா?"

"வழிஞ்சுடும்."

"வழியலையே. அப்ப மீதி எங்க?"

"போன மாசம் ஷாம்பு சீக்கிரம் தீர்ந்துபோச்சுன்னு இதே மாதிரி ஒரு வாரம் கேட்டுக்கிட்டிருந்த."

"அதுக்கு விடை கிடைச்சுதே. உங்க தம்பி."

வீட்டுக்காரர் லென்ஸைத் துடைக்கப் போய்விட்டார்.

மறுநாள் மில்லி சிஸ்டர் சர்வீஸ் அட்வைசருக்குப் போன் போட்டார். காரை வாங்கிக்கொண்டு சீட்டு எழுதுகிற, காதில் எப்போதும் ஒரு கம்பி தொங்குகிற, டை கட்டின மனிதர்.

"அது பேக்கேஜ் மேடம்."

"பேக்கேஜ் எத்தனை லிட்டர்?"

"நாலரை."

"என் கார் எத்தனை குடிக்கும்?"

"அது காரைப் பொறுத்தது மேடம்."

"காரைப் பொறுத்துத்தான் கேக்கறேன்."

"சிஸ்டத்துல அப்படித்தான் வருது மேடம்."

சிஸ்டம் என்பவர் அந்த ஷோரூமில் எல்லாரும் கைகாட்டுகிற, யாரும் நேரில் பார்த்திராத பெரிய மனிதர். அவரிடம் பேச வழியில்லை என்பதால் மில்லி சிஸ்டர் மேனேஜருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார், அதாவது சாப்பாட்டு மேஜை ஓரத்தில் நின்றார். கோடு போட்ட தாள், இரண்டு பத்தி. பில்லில் உள்ளது, என்ஜின் பிடிப்பது. கடைசி வரி: 'மீதி 1.4 லிட்டர் உங்கள் ஆட்களால் திருடப்பட்டிருக்கிறது.'

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த வீட்டுக்காரர், "இந்த வார்த்தை வேணுமா?" என்றார்.

"வேற என்ன போடறது?"

"காணோம்னு போடலாமே."

"காணோம்னு போட்டா சாவகாசமா தேடுவாங்க. திருட்டுன்னு போட்டாதான் பதறுவாங்க."

பதறினார்கள். அதற்கு நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் மில்லி சிஸ்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வார்டில் சலைன் பாட்டில் சொட்டுவதைப் பார்த்தால் அந்த ஒன்று புள்ளி நாலு ஞாபகம் வந்தது. வீட்டில் எண்ணெய்ப் பாட்டிலைத் தூக்கிப் பார்த்து வைத்தார். இதற்கு நடுவே ஒருநாள் காரை எடுத்துப்போன வீட்டுக்காரர் திரும்பி வந்து, "மேம்பாலம் ஏறும்போது மூச்சு வாங்குது. லேசா கருகல் வாசனைகூட" என்றார்.

"வாங்காம? நாலரைல கை வெச்சவன் மூணுல கை வெச்சிருக்க மாட்டானா? தொண்டை காஞ்சு கிடக்கு, பாவம்."

இப்படியாகத் திருட்டு, கையில் அத்தாட்சி எதுவும் சேராமலேயே, நாளொரு மேனியாக வளர்ந்தது.

ஐந்தாம் நாள் பிற்பகல் வார்டில் இருந்தபோது அட்வைசரின் போன் வந்தது. குரலில் கல்யாணக் களை.

"மேடம், உங்க கம்ப்ளெயின்ட்ட க்ளோஸ் பண்ணிட்டோம்."

"மீதி ஆயில் கிடைச்சுதா?"

"ஆளே கிடைச்சாச்சு மேடம். மூணாம் லிஃப்ட். அவர் லாக்கர்ல ஒரு கேன் நிறைய ஆயில் இருந்துது. நாளைக்கு பத்தரை மணிக்கு என்கொயரி. அதோட வீட்டுக்கு அனுப்பிடுவோம். உங்களுக்கு ஒரு மெசேஜ் வரும், அஞ்சு ஸ்டார் மட்டும் குடுத்துடுங்க."

மூணாம் லிஃப்ட் என்பது காரைத் தூக்கி நிறுத்தும் இயந்திரத்தின் எண். அதன் அடியில் நின்று வேலை செய்கிற மெக்கானிக்குக்கும் அங்கே அதுதான் பெயர்.

"எத்தனை வருஷமா இருக்கார்?"

"பதினொரு வருஷம். நீங்க கவலைப்படாதீங்க மேடம், வேற ஆள் ரெடியா இருக்காங்க."

"என் கார்ல இப்ப எவ்வளவு ஆயில் இருக்குன்னு யாராவது அளந்தீங்களா?"

"அதான் கேன் இருக்கே மேடம்."

போனை வைத்தவர் அதன்பிறகு ஒரே நோயாளியை இரண்டு முறை எடை பார்த்தார். ஜூனியர் நர்ஸ் சொல்லிப் பார்த்தாள்: "சிஸ்டர், அவர் வெயிட்ட இப்பதான் எழுதினீங்க." நோயாளியும், "நான் நடுவுல ஒண்ணும் சாப்பிடலம்மா" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். மில்லி சிஸ்டர் கேட்டது ஒரு விடை. அவர்கள் அனுப்பிவைத்தது ஒரு ஆள். அந்த ஆள் எடுத்திருக்கலாம், எடுக்காமலும் இருந்திருக்கலாம். அளக்காமலே ஒருத்தரை டிஸ்சார்ஜ் பண்ணுகிறார்கள், அதுவும் தன் கையெழுத்தை வைத்துக்கொண்டு. இதை எப்படி விடுவது?

வீட்டுக்குப் போகிற வழியில் மருந்துக்கடையில் நிறுத்தி ஒரு பிளாஸ்டிக் ஜாடி வாங்கினார். ஒரு லிட்டர் பிடிக்கும், பக்கவாட்டில் பத்து மில்லிக்கு ஒரு கோடு.

"இது என்னது?" என்றார் வீட்டுக்காரர்.

"மூத்திரம் அளக்கற ஜாடி. புதுசு."

"யாருக்கு?"

"காருக்கு."

நல்ல கணவர்கள் இந்த இடத்தில் மேற்கொண்டு கேட்பதில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கே ஷோரூமில் இருந்தார். மேலே கண்ணாடிச் சுவர், சில்லென்ற காற்று, சத்தமில்லாமல் ஓடும் டிவி, பில்லுக்காகக் காத்திருப்பவர்கள் மெத்தை நாற்காலியில் அமிழ்ந்து கிடந்தார்கள். ஐந்து படி இறங்கினால் கீழே சர்வீஸ் தளம். மேனேஜர் அறைக்கு வெளியே ஒரு ஸ்டூலில், இஸ்திரி போட்ட சட்டையில், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். சட்டை விருந்தாளியாக வந்திருந்தது. கைகள் வேலைக்கு வந்திருந்தன. நகக்கண்ணில் எல்லாம் கறுப்பு.

"நீங்களா மூணாம் லிஃப்ட்?"

"இன்னைக்கு பத்தரை வரைக்கும்." அவர் நிமிர்ந்து பார்த்தார். "லெட்டர் எழுதினது நீங்களாக்கா?"

"ஆமா."

"காட்டினாங்க. கையெழுத்து முத்து முத்தா இருந்துது."

மில்லி சிஸ்டர் ஜாடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "எடுத்தீங்களா?"

"உங்க கார்லேர்ந்து எடுக்கல."

"அப்ப அந்த கேன்?"

"அது வேற கார்களோடது."

இது என்ன மாதிரி பதில் என்று அவர் விழித்துக்கொண்டிருக்கும்போதே மேனேஜர் வெளியே வந்தார். நறுக்கிய தாடி, ஓய்வு எடுக்காத புன்னகை. மில்லி சிஸ்டர் விஷயத்தைச் சொன்னார்: காரில் உள்ள ஆயிலை இறக்க வேண்டும், தன் கண்முன்னால் அளக்க வேண்டும், அதற்குப் பிறகு என்கொயரி.

"கஸ்டமர் யாரும் கீழ வரக் கூடாது மேடம். சேஃப்டி ரூல்."

"சரி. எதிர்ல ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கு. அங்க இறக்கி அளந்து, அவன்கிட்ட ஒரு சீட்டு வாங்கிட்டு வந்துடறேன்."

எதிர்க் கடைக்காரன் கையால் எழுதிய சீட்டு தன் மேஜைமேல் கிடப்பதை மேனேஜர் ஒரு கணம் மனக்கண்ணில் பார்த்தார். சேஃப்டி ரூல் தளர்ந்தது.

மூன்றாம் லிஃப்ட் இயந்திரம் காரைத் தூக்க, இரண்டாம் லிஃப்ட்காரர் வந்து அடியில் இருந்த திருகைக் கழற்றினார். எதிராளி கைபடக் கூடாது என்று மில்லி சிஸ்டர்தான் அப்படிச் சொன்னார். ஆயில் விழும் தட்டைத் துடைக்கச் சொன்னார். துடைத்ததைத் தானும் ஒரு முறை துடைத்தார். சொட்டுச் சொட்டாக முழுவதும் வடிந்து முடிக்கக் கால்மணி நேரம் நின்றார். பிறகு தட்டிலிருந்து ஜாடிக்கு ஊற்றி, குனிந்து, கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்து, "ஒண்ணு" என்றார். ஜாடியை ஒரு கேனில் கவிழ்த்தார். "ரெண்டு." அட்வைசர் போட்டோ எடுத்தார். "மூணு."

மேனேஜரின் புன்னகை அகலமானது. இத்தோடு நூறு மில்லி வந்து நின்றால் திருட்டு உறுதி. ஸ்டூலில் இருந்து எழுந்து வந்திருந்த மூன்றாம் லிஃப்ட்காரர் மட்டும் ஜாடியைப் பார்க்கவே இல்லை.

நாலாவது ஜாடி நூறைத் தாண்டியது. ஐந்நூறைத் தாண்டியது. நிறைந்தது. ஐந்தாவது ஜாடியில் முந்நூற்று இருபது.

"நாலு லிட்டர் முந்நூத்தி இருபது" என்றார் மில்லி சிஸ்டர். தன் குரல் தனக்கே கேட்காத மாதிரி இன்னொரு முறையும் சொன்னார்.

முதலில் தேறியவர் மேனேஜர். "பாத்தீங்களா மேடம், பில் கரெக்ட். கொஞ்சம் ஃபில்டர்ல நிக்கும். பைசா சுத்தமா ஊத்தியிருக்கோம்."

மூன்று புள்ளி ஒன்று பிடிக்கிற உடம்புக்குள் நாலரை. மில்லி சிஸ்டரின் வார்டில் இதற்குத் தனியாகப் படுக்கையே உண்டு. நீர் அதிகமாகிவிட்ட நோயாளிக்கு முதலில் வருவது மூச்சிரைப்பு. கார் ஒரு வாரமாக மேம்பாலத்தில் இரைத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் வந்து சொல்லவும் சொன்னார். இவர் ஒரு காகிதத்தை இன்னொரு காகிதத்தோடு ஒத்துப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார். நோயாளியைப் பார்க்காமல் சார்ட்டைப் பார்த்து எழுதுகிற ஜூனியர்களை அழ அழத் திட்டியிருக்கிறார். இன்றைக்குத் தன்னைத் திட்ட அங்கே சீனியர் யாரும் இல்லை.

"இவ்வளவு ஏன் ஊத்தினீங்க?" மூன்றாம் லிஃப்ட்காரரிடம் கேட்டார்.

"பில்லுல போட்டிருந்துது."

"பில்லுல போட்டா?"

"போன வருஷம், பில்லுல இருக்கறத ஊத்தலன்னு ஒருத்தர் கம்ப்ளெயின்ட் குடுத்தார்க்கா. அதுலேர்ந்து ஆர்டர். பில்லுல எவ்வளவோ அவ்வளவும் என்ஜினுக்குள்ள போகணும், போட்டோ எடுத்து அனுப்பணும். நாலரைங்கறது பெரிய காரோட அளவு. உங்க சின்ன கார் மாடல் கடைக்கு வந்து ஆறு மாசம் ஆச்சு, சிஸ்டத்துல அதுக்குத் தனி வரி இன்னும் ஏறல."

"நீங்க சொல்லலையா?"

"சொன்னேன். ஸ்பேனர் பிடிக்கறவன் ஸ்பேனர மட்டும் பிடின்னாங்க."

யார் சொன்னார்கள் என்று அவர் சொல்லவில்லை. அட்வைசருக்குத் திடீரென்று டை இறுக்கியது.

"அதனால போட்டோ எடுத்தப்புறம், கூட இருக்கறத நானே கொஞ்சம் இறக்கிடுவேன். அளவு குச்சியில கோடு வர்ற வரைக்கும். அதுதான் அந்த கேன்ல இருக்கு. உங்க கார் வந்த அன்னைக்கு பதினேழு வண்டி. போட்டோ எடுத்துட்டுத் திரும்பறதுக்குள்ள சாவியைக் குடுத்து அனுப்பிட்டாங்க."

"லாக்கர்ல ஏன் பூட்டி வெச்சீங்க? ஸ்டோர்ல திருப்பிக் குடுக்க வேண்டியதுதானே?"

"குடுத்தேன். வெளியே போனதா எழுதியாச்சு, போனது திரும்பி வர்றதுக்கு ஃபாரம் இல்லன்னுட்டார் ஸ்டோர்காரர். சாக்கடையில ஊத்த மனசு வரல."

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "ஓகே. அப்ப திருட்டு இல்ல. ஆனா அளவுக்கு மேல ஊத்தியிருக்கார், அது கவனக்குறைவு. பத்தரை தாண்டியாச்சு, என்கொயரி அப்படியே நடக்கட்டும். காரணத்தை மட்டும் மாத்திக்கறோம்."

அதாவது குறைவாக ஊற்றியிருந்தால் திருடன், நிறைய ஊற்றியதால் முட்டாள். எடுத்து வைத்தால் குற்றம், எடுக்காமல் விட்டால் அதுவும் குற்றம். ஆள் தயார், குற்றம்தான் அளவு பார்த்துத் தைக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அந்த அளவு நாடாவை எடுத்துக் கொடுத்ததே தான்தான் என்று மில்லி சிஸ்டருக்குப் புரிந்தது.

"என் லெட்டர எடுங்க" என்றார்.

மேனேஜர் கோப்பிலிருந்து எடுத்தார். மருத்துவமனையில் தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. தப்பு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நடுவில் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியானது, கையெழுத்து, மணி. மில்லி சிஸ்டர் காரின் முகப்பின்மேல் தாளை வைத்து, கடைசி வரியை ஒரே கோட்டில் அடித்தார். பக்கத்தில் எழுதினார்: 'திருட்டு இல்லை. காரைப் பார்க்காமல் நான் எழுதியது தவறு. 4.32 லிட்டர் எல்லார் முன்னாலும் அளந்தேன். 4.5 என்று பில் போட்டது மெக்கானிக் அல்ல.' கையெழுத்து. 10.52.

"இப்ப நீங்க சாட்சிக் கையெழுத்துப் போடுங்க. பக்கத்துல என்கொயரி ரத்துன்னு எழுதுங்க."

"ஹெட் ஆபீஸ்ல கேக்காம நான் எப்படி மேடம்..."

"கேளுங்க. நான் மேல உக்காந்திருக்கேன்."

உட்காருவதாவது. ஐந்து படி ஏறிப் போனவர், ஆயில் வழிந்த ஜாடியும் கையுமாக, மெத்தை நாற்காலிகளுக்கு நடுவே ரவுண்ட்ஸ் வர ஆரம்பித்தார்.

"உங்களுது எந்த கார்? சின்னதா, பெரிசா?"

"சின்னதுங்க."

"மேடு ஏறினா மூச்சு வாங்குதா?"

அந்த மனிதர் பயந்துபோய், "எனக்கா, காருக்கா?" என்றார்.

"ரெண்டுக்கும் சொல்லுங்க."

"ரெண்டுக்கும் வாங்குதுங்க."

"எத்தனை நாளா?"

"எனக்கு ரொம்ப நாளா. காருக்கு, போன சர்வீஸ்லேர்ந்து."

அரைமணி நேரத்தில் வாசலில் நான்கு சின்னக் கார்களின் முன்மூடி திறந்து நின்றது. பில் கட்டாமல் கையேட்டின் அறுபத்தெட்டாம் பக்கத்தைப் புரட்டுகிறவர்கள் அதைவிட அதிகம். கீழேயிருந்து மேனேஜர் கிட்டத்தட்ட ஓடி வந்தார். தாளில் கையெழுத்து இருந்தது, 'என்கொயரி ரத்து' இருந்தது. மில்லி சிஸ்டர் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"கீழ என்னமோ பொடி எழுத்துல எச்சரிக்கைன்னு இருக்கே?"

"அது சும்மா ஃபார்மாலிட்டி மேடம். கேன் வெச்சிருந்ததுக்கு."

"ஒரே கோடா அடிங்க. பக்கத்துல கையெழுத்து. மணி போட மறந்துடாதீங்க."

மேனேஜர் மணி பார்த்து எழுதினார்.

மூன்றாம் லிஃப்ட்காரர் இஸ்திரிச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வேலைச் சட்டைக்கு மாறியிருந்தார். மூன்று லிட்டர் ஊற்றி, என்ஜினை ஓடவிட்டு நிறுத்தி, பொறுத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சேர்த்தார். அளவு குச்சியை இழுத்துத் துடைத்து, மறுபடி நுழைத்து எடுத்து நீட்டினார். மேல் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே பளபளவென்று நின்றது ஆயில். மில்லி சிஸ்டர் குனிந்து கண்ணைச் சமமாக வைத்துப் பார்த்தார்.

"இதைப் பாக்க ஒரு நிமிஷம் ஆகும்க்கா" என்றார் அவர், குச்சியைத் துடைத்துக்கொண்டே. "லெட்டர் எழுத எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒரு மணி நேரம்."

"கீழ வந்து என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அஞ்சு படிதான்."

"கேட்டிருக்கணும். தப்புதான்."

"வீட்டுல இன்னைக்கு லீவுன்னு சொல்லிட்டு வந்தேன். இப்ப சட்டையெல்லாம் ஆயிலோட போய் நின்னா என்ன சொல்றதுன்னுதான் யோசிக்கிறேன்."

மில்லி சிஸ்டர் ஜாடியைத் துடைத்து எடுத்துக்கொண்டார். சாவியை வாங்கிக்கொண்டு காரில் ஏறினார். ஒரு மணிக்கு வார்டில் இருக்க வேண்டும். கியரைப் போடப் போனபோது, மேலேயிருந்து அடுத்த வண்டிக்கான வேலைச் சீட்டு கீழே வந்தது. இன்னொரு சின்னக் கார், வெள்ளை. மூன்றாம் லிஃப்ட்காரர் சீட்டைப் படித்தார். மூன்றாவது வரியில் விரலை வைத்து இன்னொரு முறை படித்தார். காருக்குள் இருந்தே மில்லி சிஸ்டருக்கு அந்த எண் தெரிந்தது: 4.5.

என்ஜினை அணைத்துவிட்டு அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார். கையைப் பழந்துணியில் துடைத்தார். சீட்டை எடுத்துக்கொண்டு, பதினொரு வருஷத்தில் கூப்பிட்டால் ஒழிய ஏறியிராத அந்த ஐந்து படியையும், ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கினார்.